துடைத்துவைத்த ஜெட்

மூக்கில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பொட்டு. வாலில் ஒரு செவ்வந்திப் பூவை டேப் வைத்து ஒட்டியிருந்தார்கள். என் மேஜை மேல், நான் வைத்துவிட்டுப் போன அதே இடத்தில், நான் வைத்துவிட்டுப் போகாத ஒரு ஜெட் விமானம் நின்றது.

பளபளவென்று இருந்தது. ஏழு வாரமாக நான் அதன் மேல் ஏற்றியிருந்த அழுக்கில் ஒரு துளிகூட மிச்சமில்லை.

ஆயுத பூஜை முடிந்து பட்டறை திறந்த முதல் நாள் காலை. உள்ளே சாம்பிராணி வாசம் இன்னும் போகவில்லை. அதற்கு அடியில் மண்ணெண்ணெய் வாசம் ஒன்று வந்தது. எங்கிருந்து வருகிறது என்று குனிந்து மோந்து பார்த்தேன். ஜெட்டிலிருந்துதான் வந்தது.

வால்பாறையிலிருந்து நேராக வந்திருந்தேன். தங்கச்சி பேத்திக்கு ஞானஸ்நானம். கையில் தேயிலைத் தூள் பொட்டலம் இருந்தது, அதைக்கூடக் கீழே வைக்கவில்லை. “இதைத் தொட்டது யாரு?” என்று கேட்டேன். கடைசலில் இருந்தவர் மிஷினை நிறுத்திவிட்டார். எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

சந்தனம் வைத்ததற்காகக் கோபமா என்று கேட்காதீர்கள். நான் வேதக்காரிதான். ஆனால் இந்தப் பட்டறையில் வருடா வருடம் என் சின்ன கம்ப்ரசருக்கு நானே பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன், பொரி கடலையை மடி நிறைய வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். என் கோபம் வேறு.

விரலுக்குத் தெரியக்கூடாது

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் பட்டறை. முதலாளி சென்னியப்பன் ஆரம்பித்தபோது பம்ப் வார்ப்படத்துக்கு மரத்தில் பேட்டர்ன் என்கிற அச்சுக்கட்டை செய்தார்கள். அந்த மரத்தில் மயிரளவு கீறல் இருந்தால் அது மண்ணில் விழும், மண்ணிலிருந்து இரும்பில் விழும். அதனால் மரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்க ஒரு ஆள் வேண்டும். அப்படித்தான் உப்புத்தாளோடு நான் உள்ளே வந்தேன்.

பிற்பாடு காலேஜ்களுக்கும் ஆபீஸ்களுக்கும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க மாதிரி விமானம் செய்யும் வேலை வந்தது. எல்லாம் சண்டை ஜெட்டுதான். இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது, எனக்கு ஓய்வில்லை. அவற்றின் இங்கிலீஷ் பெயர் எனக்கு வாயில் வராது. நான் வைத்த பெயர் கூம்பு மூக்கு, இரட்டை வால், முக்கோணம். சூலூர் விமானத்தளப் பக்கம் பறக்கிறதை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். சத்தம் இருக்கிற இடத்தில் விமானம் இருக்காது, அது முன்னாலேயே போயிருக்கும்.

இப்போது உடம்பை த்ரீ-டி பிரின்டர் மிஷின் செய்துவிடுகிறது. பிசின் அடுக்கடுக்காக உறைந்து வரும். அந்த அடுக்கு கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். அதைத் தேய்த்து எடுப்பது என் வேலை. பிறகு இரண்டு பாதியை ஒட்டி, ஒட்டின இடத்தில் பட்டி போட்டு, காயவிட்டு, தண்ணீர் தொட்டுத் தொட்டு நானூறு நம்பர் தாள், எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு. கண்ணை மூடி விரலை ஓட்டினால் எங்கே ஒட்டினேன் என்று விரலுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து.

அதற்கு மேல் பெயிண்ட். அதற்கு மேல்தான் அழுக்கு.

முதலாளி மகன் கார்த்தி, இப்போது எல்லாம் அவன் பொறுப்பு, வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, பாலிஷ் போடுகிற அம்மா என்று சொல்வான். ஒரு தடவை சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன், தம்பி, நான் பாலிஷ் போடுகிறவள் இல்லை என்று. அவன் காதில் ஏறவில்லை.

உடுமலைக்காரர்

இந்தக் கூம்பு மூக்கைச் செய்யச் சொன்னவர் நாச்சிமுத்து. உடுமலைப்பேட்டைக்காரர். விமானப்படையில் இருந்தவர், ஆனால் பறந்தவர் இல்லை. கீழே நின்று விமானத்தின் உடம்பைப் பார்த்துக்கொண்ட ஃபிட்டர். ரிட்டையராகி ரொம்ப காலம் ஆகிவிட்டது. நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் சின்ன டார்ச்.

முதல் நாள் கார்த்தியிடம் பாதி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, கையால் செய்யப்போவது யார் என்று கேட்டார். கார்த்தி என் பக்கம் கையை நீட்டினான். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கார்த்தி பக்கம் திரும்பவே இல்லை.

“ஏனுங்கம்மா, ரோட்டோரம் தூணு மேல ஒரு ஜெட்டை நிறுத்தி வெச்சிருக்கறாங்களே, பாத்திருக்கறீங்களா? பெயிண்ட் அடிச்சு, கழுவித் தொடைச்சு, பொம்மையாட்டம். அது நாங்க பாத்த ஜெட்டு இல்லீங்க. அதுமாதிரி மட்டும் பண்ணிப்போடாதீங்க.”

ஐப்பசி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அவரும், அவரோடு அதே விமானத்தைப் பார்த்துக்கொண்ட நான்கு பேரும் உடுமலையில் கூடுகிறார்களாம். எத்தனையோ வருடம் கழித்து. அவர்கள் பார்த்த விமானம் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. பெட்டியைத் திறந்ததும் நம்பரைப் பார்க்காமலே அவர்களுக்கு அது எதுவென்று தெரிய வேண்டும். அதுதான் அவர் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அழுக்கு என்றால் என்ன

நான் எதையும் எழுதி வைத்துக்கொள்கிறவள் இல்லை. மூன்றாவதோடு நின்றவள். அவர் வெறும் வெள்ளி உடம்பில் விரலை வைத்து ஒவ்வொரு இடமாகச் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன்.

இடது வயிற்றில் எண்ணெய்க் குழாய் சேரும் இடத்தில் ஒரு பூட்டு. அதிலிருந்து சிவப்பு எண்ணெய் கசியும். எத்தனை தடவை இறுக்கினாலும், எத்தனை தடவை துணியால் துடைத்தாலும் நிற்காது. பறக்கும்போது காற்று அதைப் பின்னால் இழுக்கும், நிற்கும்போது அது கீழே வழியும். ஆகவே கறை ஒன்றல்ல, இரண்டு. ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும். இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

வலது இறக்கை ஓரம் ஒரு தகடு மட்டும் புதுசு, பக்கத்துத் தகட்டைவிட வெளுப்பு. ஏணி வைக்கிற இடத்தில் பூட்ஸ் உரசி பெயிண்ட் போயிருக்கும். துப்பாக்கி வாயில் கரி. வால் முனையில் சூட்டில் இரும்பு நீலம் பாய்ந்து, பிறகு பழுப்பாகி இருக்கும்.

நான் கரித்தூளையும் சாக்பீஸையும் அரைத்து, துணி வழியாகச் சலித்து வாலில் தேய்த்தேன். எண்ணெய்க் கறைக்கு ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் கரைத்து, வெறும் பிரஷ்ஷால் பின்பக்கம் இழுத்தேன். சிவப்பு வைத்தேன். அவர் பார்த்துவிட்டு இல்லை என்றார். புழுதி உட்கார்ந்த பிறகு அது சிவப்பாக இருக்காது, பழைய வெல்லப்பாகு மாதிரி இருக்கும் என்றார். எண்ணெயைச் சிவப்பு என்று சொன்னது நீங்கள்தானே என்று நான் சண்டை பிடித்தேன். எண்ணெய் சிவப்பு, கறை சிவப்பு இல்லை என்றார். மூன்று வாரம் பிடித்தது அந்த ஒரு கறைக்கு.

என் அம்மா நினைவு வந்தது. வால்பாறை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். நாங்கள் குடியிருந்த லயத்தைப் பார்க்கப் பெரிய துரை வருகிறார் என்றால் முதல் நாளே கங்காணி வந்து கத்திவிட்டுப் போவான். வாசல் தெளித்து, பாத்திரம் விளக்கி, கடைசியில் அம்மா தன் விரல்களில் இருந்த இலைக் கறையைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். தோல் உரியும். கறை போகாது. துரை வந்தால் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பாள். அந்த எஸ்டேட்டுக்கு இரட்டைக் கூடை பறித்த கை அது. அதை ஏன் மறைத்தாள் என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

பல் தேய்க்கிற பிரஷ்

வேலை முடிந்துவிட்டது. கடைசியாக மேலே மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துவிட்டால் எந்தக் கறையும் கலையாது. ஆனால் அந்த வாரம் முழுக்க மழை. ஈரக் காற்றில் அந்த வார்னிஷ் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். ஊருக்குப் போய் வந்து வெயிலைப் பார்த்து அடித்துக்கொள்ளலாம் என்று, அட்டைப் பெட்டியை மேலே கவிழ்த்துவிட்டு, கார்த்தியிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனேன். இதை யாரும் தொடக்கூடாது தம்பி என்று. சரிங்க சரிங்க என்றான். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

துடைத்தது யார் என்பது அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில்தான் தெரிந்தது. பட்டறையைக் கூட்டுகிற தங்கமணி என் பின்னாலேயே வந்தாள்.

“எக்கா, பூசைக்கு ஒரு பொருள்லயும் அழுக்கு இருக்கக்கூடாதுன்னு சின்ன முதலாளி சொல்லிப்போட்டாருங்க. பொட்டியத் தூக்கிப் பாத்தேன், அத்தனை அழுக்கு. இதுவுமாங்கன்னு கேட்டேன். எல்லாத்தையும்னாரு. பனியன் வேஸ்ட் துணியில மண்ணெண்ணெய் தொட்டுத் தொடைச்சேன். அந்த வாலுல இருந்த கருப்பு மட்டும் போகவே இல்லீங்க்கா, பல்லு தேய்க்கற பிரஷ் வெச்சுத் தேய்ச்சேன். அரை நாளாச்சுங்க.”

அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். என்ன சொல்லித் திட்டுவது? அவள் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தாள். மூலை முடுக்கு விடாமல், ஒரு கீறல் விழாமல். நான் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அது என்னை இன்னும் எரித்தது. அவள் கேட்டிருக்கிறாள். இதுவுமா என்று கேட்டிருக்கிறாள். பதில் சொன்னவனுக்குத் தலையைத் தூக்கிப் பார்க்க நேரமில்லை.

மறுநாள் காலை கார்த்தி முன் போய் நின்றேன். அவன் நாற்காலியைக் காட்டினான், நான் உட்காரவில்லை. புதுசு மாதிரி இருக்கிறது, அவருக்குப் பிடிக்கும், அப்படியே கொடுத்துவிடலாம் என்றான். பிடிக்காவிட்டால் அவசரத்துக்கு மேலே கொஞ்சம் கருப்பைத் தடவிக் கொடுங்கள் என்றான். தடவி. ஏழு வாரத்துக்கு அவன் வைத்த பெயர் அது.

அதற்குப் பிறகு ஒன்று சொன்னான்.

“எஸ்தரம்மா, நீங்க வார்னிஷ் அடிச்சுட்டுப் போயிருந்தா இது போயிருக்காதுல்லங்க?”

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் எனக்குக் காது அடைத்துப்போகிற அளவுக்குக் கோபம் வந்தது. மழை விடுகிற வரைக்கும் காத்திருந்தால் ஞானஸ்நானத்துக்குப் பிந்திப் போயிருப்பேன், அவ்வளவுதான். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்கிற வாய் அவன் வாய் இல்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். உடுமலைக்காரருக்குப் போன் போட்டு நடந்ததை அவன் வாயால் சொல்ல வேண்டும். கறையைத் திரும்பப் போடலாம். ஆனால் சரியாக இருக்கிறதா என்று சொல்ல அவர் ஒருத்தரால்தான் முடியும். மறைத்துச் செய்தால் அது வெறும் தடவல்தான்.

பட்டறை பெயர் கெட்டுவிடும், சொல்ல முடியாது என்றான்.

சரி என்று வந்து என் மேஜையில் உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். பிரஷ்ஷைத் தொடவில்லை, தாளைத் தொடவில்லை. அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் உட்கார்ந்திருந்தேன். மதியம் சோற்று டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன், கழுவி வைத்தேன், மறுபடி கையைக் கட்டிக்கொண்டேன். இரட்டை வால் நான்கு, அடுத்த வாரம் ஒரு காலேஜுக்குப் போக வேண்டியவை, தேய்க்காமல் வரிசையாக நின்றன.

“போனைப் போடு”

மூன்றாம் நாள் காலை சென்னியப்பன் வந்தார். முதலாளி இப்போது பட்டறைக்கு அதிகம் வருவதில்லை, முழங்கால் வலி. மகன் கூப்பிட்டிருப்பான். மெதுவாக வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

“எஸ்தரு, உனக்கும் எனக்கும் இன்னைக்கு நேத்துப் பழக்கமா? சின்னப் பையன். உட்டுத் தள்ளு.”

“சின்னப் பையனுக்கு நாப்பது வயசாச்சுங்க முதலாளி.”

அவர் ஜெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேட்டர்ன் பார்த்த கை அது, விரலை ஓட்டிப் பார்த்தார். மூக்கில் குங்குமம் ஊறி வெள்ளிப் பெயிண்டில் சிவப்பாக இறங்கியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினார். வரவில்லை. பிறகு மகனைப் பார்க்காமலே சொன்னார்.

“போனைப் போடு.”

கார்த்தி போட்டான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைக்கச் சொன்னேன். ஒரு சின்ன டேமேஜ் சார் என்று ஆரம்பித்தான்.

“கீழ உழுந்துருச்சுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

“இல்லீங்க சார். சுத்தம் பண்ணிப்போட்டோம்.”

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

“பூசைக்குங்களா?”

“ஆமாங்க சார்.”

“அந்தம்மா இருந்தா குடுங்க.”

போனை என் பக்கம் தள்ளினான். நான் பதமாகப் பேசவில்லை. வார்னிஷ் அடிக்காமல் ஊருக்குப் போனது என் தப்பு, மற்றதெல்லாம் இவர்கள் தப்பு என்று சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். பதினொன்று என்றேன். பத்தாதே என்றார். பத்தாது, வாருங்கள் என்றேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

பதினோரு நாள்

மூக்கை அடிப்பூச்சு தெரிகிற வரைக்கும் தேய்த்து எடுத்தேன். மண்ணெண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது என்று முழு உடம்பையும் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். வெள்ளி மறுபடி. தகடும் தகடும் சேருகிற கோடுகளில் கருப்பு மறுபடி. நம்பர் ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறவைத்து, நழுவவிட்டு, பஞ்சால் ஒற்றி உட்காரவைத்தேன்.

கோபம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு அப்போதுதான் கை ஆடாமல் நிற்கும். அந்தப் பதினோரு நாளில் என் கை நின்ற மாதிரி அதற்கு முன்பு நின்றதில்லை.

நாச்சிமுத்து மூன்று தடவை வந்தார். எதிரே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். இங்கே அதிகம், அங்கே கம்மி. வெல்லப்பாகு நிறத்தை இந்தத் தடவை அவர் சொல்லாமலே நான் கலக்கினேன். குறுக்கே வழிகிற கறையை மட்டும் அவர் இரண்டு முறை அழிக்கச் சொன்னார். இரண்டு முறையும் திட்டிக்கொண்டே அழித்தேன். தங்கமணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு மேஜையைத் தொடாமல் ஓடிவிடுவாள்.

கார்த்தி அந்தப் பக்கம் வரவில்லை. இன்றுவரை அவன் என்னிடம் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பொட்டு வைத்த ஜெட்டை அவன் பூஜை அன்றைக்கே போட்டோ எடுத்துப் போன் ஸ்டேட்டஸில் போட்டிருந்தானாம், எங்கள் பட்டறைப் பூஜை என்று. நிறையப் பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களாம். இதைச் சொல்லும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் வெயில் அடித்தது. ஓடிப்போய் வார்னிஷை அடித்தேன். பூக்கவில்லை. சனிக்கிழமை நாச்சிமுத்து வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பெட்டிக்குள் வைக்கும்போது இடது வயிற்றுப் பக்கம் மட்டும் பஞ்சு படாமல் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனேன், பாட்டில் மனசு நிற்கவில்லை. மதியம் படுத்தேன், தூக்கம் வரவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு என் போன் அடித்தது. நாச்சிமுத்து. பின்னால் ஆட்கள் சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“பொட்டியத் தொறந்தேனுங்க. ஒருத்தனும் நம்பரைப் பாக்கல.”

“அப்பறம்?”

“பொன்னுச்சாமின்னு ஒருத்தன். குனிஞ்சு வயித்துப் பக்கம் பாத்தான். பாத்துப்போட்டு என்னையக் கேக்கறான், ஏண்டா, தொடைக்கற துணி எங்கடான்னு.”

எனக்கு ரத்தம் சுர்ரென்று தலைக்கு ஏறியது.

“குடுத்தீங்களா?”

“குடுப்பனுங்களா? கையைத் தட்டி உட்டேனுங்க.”

“தொட உடாதீங்க” என்றேன். “ஒருத்தரையும் தொட உடாதீங்க.”